பத்தாயிரம் அக்கா போட்ட விமானப் பட்டியல்

கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் பத்தாயிரம். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வயதில் சிறியவர்களுக்குப் பத்தாயிரம் அக்கா, மூத்தவர்களுக்கு வெறும் பத்தாயிரம். முதலாளிகூட ஒரு தடவை கூட்டத்தில் வாய் தவறி "மிஸஸ் பத்தாயிரம்" என்று சொல்லிவிட்டு இருமிச் சமாளித்திருக்கிறார்.

பெயருக்குக் காரணம் அவள் வேலை. சூடு ஆறி வரும் பாட்டில்கள் ஒரு வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாக நகரும். அவள் அங்கே நின்று கீறல், குமிழி, கோணல் கழுத்து என்று குறையுள்ளதைக் கண்டுபிடித்துத் தொட்டியில் தள்ளுவாள். தள்ளியது மறுபடி உலைக்குப் போய் உருகும். இடது கையில் சின்னதாக ஓர் எண்ணும் கருவி. கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தினால் எண் ஒன்று கூடும். இருபத்தாறு வருடம் அழுத்தி அழுத்தி அந்த விரல் நுனி காய்த்துப் போயிருந்தது.

"அக்கா, இன்னிக்கு நாப்பது பாட்டில் போச்சு" என்று யாராவது மூக்கால் அழுதுகொண்டு வந்தால் அவள் அசைய மாட்டாள்.

"எத்தனைல நாப்பது? பத்தாயிரத்துக்கு எத்தனைன்னு சொல்லு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அழலாம்."

அவள் போட்ட விதி ஒன்று அங்கே சட்டமாகவே ஆகிவிட்டது. புதிதாக ஓர் அச்சு வந்தால், அதில் பத்தாயிரம் பாட்டில் வார்த்து முடியும்வரை அதை யாரும் நல்லது என்றும் சொல்லக்கூடாது, கெட்டது என்றும் சொல்லக்கூடாது. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டிலும் இதே பாடுதான். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர், பொறுமைசாலி. ஒரு நாள் அடுப்படியை எட்டிப் பார்த்து, "எப்பப் பாரு பாலப் பொங்க விட்டுர்றே" என்று சொல்லித் தொலைத்தார்.

"இந்த வருஷம் எத்தனை தடவை பால் காய்ச்சினேன், அதுல எத்தனை தடவை பொங்குச்சுன்னு சொல்லுங்க பாப்போம்."

"உங்கிட்டப் பேசுறதுக்குப் பேசாம பஸ் ஹாரனோட பேசலாம்" என்று அவர் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தார்.

இப்படி உலகத்தையே வகுத்துப் பார்க்கிறவள், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வகுத்தலை மறந்துபோனாள். அந்த விஷயம் அவளுடைய ஒரே மகள். மகள் விமானம் ஓட்டுகிறாள்.

பிள்ளை விமானி ஆகப் போகிறேன் என்று சொன்னபோது அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்கிற புத்தி தன் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று டெப்போ முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அம்மாவுக்குப் பயம். ஆனாலும் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: ஒவ்வொரு தடவை இறங்கியதும் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து ஏழு வருடமாக மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். விமானம் நின்று, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சின் அணைந்ததும் கைப்பேசியில் ஒரே ஒரு சொல்லைத் தட்டுவாள்: "இறங்கியாச்சு." ஒரு நாளில் நான்கு தடவை இறங்கினால் நான்கு தடவை. பாட்டில் வரிசையில் நிற்கும்போது கைப்பேசி கூடாது என்பதால் பத்தாயிரத்தின் கைப்பேசி அலமாரியில் பூட்டிக் கிடக்கும். டீ இடைவேளையில் பூட்டைத் திறந்ததும் அந்தச் சொல் இருக்கும். பார்ப்பாள், மூச்சு விடுவாள், பூட்டுவாள், டீ குடிக்கப் போவாள்.

நிபந்தனை மகளுக்குத் தெரியும். நோட்டுப் புத்தகம் தெரியாது.

அது நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு, அவளுடைய துணி அடுக்கின் அடியில் இருந்தது. விமான கம்பெனிகளின் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் வாலின் நிறத்தை வைத்தே பெயர் சூட்டியிருந்தாள். நீலவால், மகள் வேலை பார்க்கும் கம்பெனி. சிவப்புவால், பச்சைவால் மற்ற இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே உயிர்ச்சேதம் ஆன விபத்துகள் எத்தனை என்று எழுதியிருந்தாள். நீலவால் இரண்டு. சிவப்புவால் ஒன்று. பச்சைவால் பூஜ்யம். பச்சைவாலுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். குரலே துள்ளியது.

"அம்மா, ஸ்பீக்கர்ல போடு. அப்பாவும் இருக்காரா? நான் கேப்டன் ஆயிட்டேன். அடுத்த மாசம் பதினாலாம் தேதி முதல் பயணம். கேப்டன் உக்கார்ற இடது பக்க சீட்டு எனக்கு. உங்க ரெண்டு பேருக்கும் அந்த விமானத்துல இடம் சொல்லி வெச்சிருக்கேன்."

அப்பா எழுந்து நின்றேவிட்டார். வேட்டியா பேண்ட்டா என்று அப்போதே கேட்க ஆரம்பித்தார். பத்தாயிரத்துக்கும் நெஞ்சு நிறைந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆனால் வாய் இருக்கிறதே, அது வேறு வேலை செய்தது.

"ரொம்ப சந்தோஷம்டி. கேப்டனே ஆயாச்சு. இனிமே எந்தக் கம்பெனியும் உன்னைய எடுத்துக்கும்ல. அந்தப் பச்சைவால்ல கேட்டுப் பாரேன்."

"பச்சைவாலா? அது என்ன கிளியா?"

பத்தாயிரம் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து படித்துக் காட்டினாள். இரண்டு, ஒன்று, பூஜ்யம்.

"இத்தனை நாளா இத எழுதி வெச்சிருக்கியா?" என்றாள் மகள். துள்ளல் போய்விட்டது. "நான் ஒவ்வொரு நாளும் போய் உக்கார்ற இடத்த நீ கடைசில வெச்சிருக்கே. சரிம்மா. பயமா இருந்தா வராதே. அப்பா மட்டும் வரட்டும். ஆனா இது என் கம்பெனிமேல உனக்கு நம்பிக்கை இல்லைங்கற மாதிரி எனக்குக் கேக்கல. என்மேல இல்லைங்கற மாதிரி கேக்குது."

போன் வைக்கப்பட்டது. கணவர் எழுந்து போய்த் தன் காக்கிச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார். அது திட்டியதைவிட மோசம்.

மறுநாள் டீ இடைவேளையில் அலமாரியைத் திறக்கவே பத்தாயிரத்துக்குப் பயமாக இருந்தது. திறந்தாள். காலையில் இரண்டு தடவை வந்திருந்தது. இறங்கியாச்சு, இறங்கியாச்சு. கோபத்திலும் பிள்ளை வாக்கு மாறவில்லை. அவளுக்கு டீ இறங்கவில்லை.

இரண்டு நாள் இப்படியே போனது. மகள் சொல் அனுப்பினாள், பேசவில்லை. பத்தாயிரம் நான்கு தடவை போனை எடுத்து வைத்தாள். போகவும் பயம், போகாவிட்டால் மகள் முகத்தில் விழிக்க முடியாது. பதினாலாம் தேதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

புதன்கிழமை ஷிப்ட் சூப்பர்வைசர் கையில் சாக்பீஸோடு வந்தார். சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அந்த வாரத்தின் சிறந்த அச்சு எது என்று அதில் எழுதுவார்கள். எழுதும் முன் பத்தாயிரம் தலையாட்ட வேண்டும்.

"அக்கா, புது அச்சுதான் இந்த வாரம். எழுதிரட்டுமா? ஒரு பாட்டில்கூடப் போகலை. சுத்தமா பூஜ்யம்."

"பழைய ஆறாம் நம்பர்?"

"அதுல எண்பத்தி ரெண்டு போச்சுக்கா. அதத் தூக்கிப் போட்டுரலாம்."

பத்தாயிரத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் தம்பி, இத்தனை வருஷமா என்ன கேட்டுட்டிருந்தே? ஆறாம் நம்பர் எத்தனை வார்த்துச்சு?"

"அது... மூணு ஷிப்ட்டும் ஓடுச்சு. நாலு லட்சம் இருக்கும்."

"நாலு லட்சத்துல எண்பத்தி ரெண்டு. பத்தாயிரத்துக்கு ரெண்டு சொச்சம். இந்தக் கட்டடத்துலயே அதவிட நல்ல அச்சு கிடையாது. உன் புதுசு எத்தனை வார்த்துச்சு?"

"ஒம்பதாயிரம்."

"பத்தாயிரம்கூட ஆகலை. அதப் பத்தி நல்லதுன்னும் சொல்லக்கூடாது, கெட்டதுன்னும் சொல்லக்கூடாது. நேத்து வந்ததுக்கு நட்சத்திரம் போட்டுட்டு, மாடா உழைக்கிறத கடைசில வெக்கிறியே, உனக்கு மனசாட்சி..."

அங்கேயே வார்த்தை நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது. வெளிச்சப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. கழுத்துக் கோணலான ஒன்றுகூடத் தப்பிப் போனது. இருபத்தாறு வருடத்தில் அப்படி ஆனதில்லை.

"அக்கா? என்னாச்சு? உடம்புக்கு முடியலையா?"

"எனக்கு ஒண்ணும் இல்லை தம்பி" என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்க, கண்ணீர் வர, மற்ற வரிசையில் நின்றவர்கள் காதடைப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "என்னைத்தான் தூக்கி அந்தத் தொட்டில போடணும்."

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போகவில்லை, நூலகத்துக்குப் போனாள். அங்கிருந்த கணினியில் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைத் திறந்து, ஒவ்வொரு வருடமும் எத்தனை தடவை பறந்தார்கள் என்று எழுதினாள். மூன்று மாலை ஆனது. நீலவாலுக்கு மட்டும் நாற்பத்தொரு வருடம் கூட்ட வேண்டியிருந்தது. நூலகர் விளக்கை அணைக்கும் சாக்கில் இரண்டு தடவை வந்து இருமினார்.

மூன்றாம் மாலை நோட்டைக் கணவர் முன்னால் விரித்தாள்.

"இதப் பாருங்க. பச்சைவால் ஆரம்பிச்சே ரெண்டரை வருஷம்தான். மொத்தமே ஒம்பதாயிரம் தடவைதான் பறந்திருக்கு. பூஜ்யம்னா என்ன அர்த்தம்? இன்னும் ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம். சிவப்புவால் அஞ்சு லட்சம் தடவை, ஒரு விபத்து. நீலவால் எண்பது லட்சம் தடவைங்க. எண்பது லட்சம். அதுல ரெண்டு."

"பத்தாயிரத்துக்கு எத்தனை?" என்று அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார். இதைக் கேட்க அவர் எத்தனை வருடம் காத்திருந்தாரோ.

"அங்கதான் சிக்கல். பத்தாயிரத்துக்குப் பாத்தா புள்ளி பூஜ்யம் பூஜ்யம்னு போகுது, கண்ணுக்கே தெரியலை. பத்து லட்சத்துக்குப் பாக்கணும். சிவப்புவாலுக்கு ரெண்டு வருது. ஒரே ஒரு விபத்த வெச்சு அவங்களையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது, அது வேற. நீலவாலுக்குக் கால்."

"கால் விபத்தா? அது என்ன, ஒரு சக்கரம் மட்டும் கழண்டு விழுமா?"

"விளையாடாதீங்க. நாப்பது லட்சம் தடவை பறந்தா ஒண்ணு. தினம் ஒரு தடவை பறந்தாலும் பதினோராயிரம் வருஷம் ஆகும்."

"அதுக்குள்ள எனக்கு ஓய்வு வயசு வந்துரும்" என்றார் அவர். பிறகு நோட்டை மெதுவாக மூடினார். "ஒண்ணு கேக்கட்டுமா? முப்பது வருஷமா நான் ரோட்டுல பஸ் ஓட்டுறேன். நாலா பக்கமும் லாரி, சைக்கிள், மாடு. எனக்காக ஒரு நாளாவது ஒரு பட்டியல் போட்டியா?"

பத்தாயிரத்துக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். ஆனால் சிரித்து முடித்ததும் முகம் மறுபடி வாடியது.

"கணக்கு சரியாத்தான் வருது. பயம் போகலையே. பாட்டில்னா பத்தாயிரத்துல ரெண்டு போனா உருக்கி வேற செஞ்சுக்கலாம். எனக்கு இருக்கிறது ஒண்ணு. ஒண்ண எதால வகுக்கிறது?"

அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த கைப்பேசி ஒரு தடவை அதிர்ந்தது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். இறங்கியாச்சு.

பத்தாயிரம் அந்தச் சொல்லை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு விரலால் திரையைத் தள்ளினாள். அதற்கு மேலே இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஏழு வருடமும் அப்படியே அங்கே இருந்தது. ஒன்றைக்கூட அவள் அழித்ததில்லை, ஒன்றைக்கூட எண்ணியதும் இல்லை. எங்கேயோ யாருக்கோ நடந்த மூன்று விபத்தை நோட்டுப் போட்டு எழுதி வைத்தவள், தன் வீட்டுக்கே வந்த இத்தனை நல்ல சேதியை டீ குடிக்கும் முன் பார்த்துவிட்டு அலமாரியில் பூட்டியிருக்கிறாள். அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வலது கையில் கைப்பேசி, இடது கையில் எண்ணும் கருவி. ஒரு சொல்லுக்கு ஓர் அழுத்து. கணவர் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனார். எண்ணும்போது சில நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு புயல் நாளில் அந்தச் சொல் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்திருந்தது. அன்று அவள் நாற்பது நல்ல பாட்டிலைத் தொட்டியில் தள்ளியிருந்தாள். ஒரு பிறந்தநாளில் "இறங்கியாச்சு, கேக் வெட்டு" என்று இருந்தது. அவசரத்தில் "இறங்கிச்சு" என்று பாதியில் நின்றதும் உண்டு. ஞாயிறு சாயங்காலம் கருவியில் நின்ற எண் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.

அதுவும் பத்தாயிரம் ஆகவில்லை. அவள் போட்ட விதிப்படி மகளைப் பற்றி நல்லது என்று சொல்ல அவளுக்கே உரிமை கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த விதியைத் தூக்கிக் கடாசிவிட்டு மகளுக்குப் போன் செய்தாள்.

"மூவாயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"என்னது அது?"

"நீ இறங்கினது. நான் எண்ணினேன். நோட்டுல போட்ட பட்டியல் தப்புடி. கீழ எழுதுற எண்ணை எழுதாமலே தீர்ப்புச் சொல்லிட்டேன். தொழில்ல யாராவது அப்படிச் செஞ்சா நான் சும்மா விட்டிருப்பேனா? உன் கம்பெனிதான் முதல். உன்மேல நம்பிக்கை இல்லாம இல்லைடி. பயம். பயத்துக்கு வகுக்கத் தெரியலை. நான் வர்றேன். ஜன்னலோரம் இடம் இருந்தா எனக்குக் குடு, அப்பாவுக்கு வேண்டாம்."

மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எல்லாத்தையும் எண்ணினியாம்மா? ஒவ்வொண்ணா?"

"பின்ன? நான் யாரு?"

பதினாலாம் தேதி விடுப்புக்கு எழுதிக் கொடுத்தபோது சூப்பர்வைசருக்கு விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். மறுநாள் கரும்பலகையில் சிறந்த அச்சு: ஆறாம் நம்பர் என்று எழுதி, அதன் கீழே "நம் பத்தாயிரம் அக்கா இன்று முதல் பத்து லட்சம்" என்றும் எழுதியிருந்தார். மூன்று வரிசையும் கை தட்டியது. அவள் அழிக்கச் சொன்னாள். யாரும் அழிக்கவில்லை.

விமானத்தில் நடந்ததுதான் வேடிக்கை. வாசலில் மகள் தோளில் நான்கு தங்கப் பட்டையோடு நின்று இருவரையும் வரவேற்றபோது அப்பா கம்பீரமாகக் கை குலுக்கினார். அந்தக் கம்பீரம் கதவு மூடும்வரைதான் தாங்கியது. முப்பது வருடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்த மனிதர், அடுத்தவர் ஓட்டி உட்கார்ந்து பழக்கமே இல்லை. விமானம் ஓடத் தொடங்கியதும் வலது காலால் முன்சீட்டின் அடியில் பிரேக் போட ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"வேகம் ஜாஸ்தியா இருக்கு. முன்னாடி என்ன வருதுன்னே தெரியலை."

"முன்னாடி ஒண்ணும் வராது. கால எடுங்க."

பத்தாயிரத்துக்கும் சக்கரம் தரையை விட்ட கணத்தில் பயம் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஜன்னலுக்குக் கீழே தெருக்கள் சின்னதாகி, தன் தொழிற்சாலைப் புகைக்கூண்டு ஒரு பென்சில் அளவுக்கு நின்றபோது அவள் பயப்பட மறந்துபோனாள். ஒலிபெருக்கியில் மகளின் குரல் வந்தது. வீட்டில் பல் தேய்க்கச் சொன்னால் சிணுங்கிய அதே குரல், இப்போது நூற்றெண்பது பேருக்கு உயரமும் வேகமும் சொல்லியது. கடைசியில், "இன்று நம்மோடு ஒரு தரப் பரிசோதகர் பயணம் செய்கிறார். அதனால் இறங்குவதில் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்வேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யார் அந்தப் பரிசோதகர் என்று பின்சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பத்தாயிரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துச் சக்கரம் தரையைத் தொட்டது. தொட்டதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெதுவாக. கணவர் கடைசி பிரேக்கைப் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தார். விமானம் நின்று, எஞ்சின் சத்தம் அடங்கியது. இந்த நேரத்தில்தான் முன்னால் அந்த அறையில் உட்கார்ந்து மகள் கைப்பேசியை எடுப்பாள் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருடமாக இந்த இடத்திலிருந்துதான் அந்தச் சொல் கிளம்பியிருக்கிறது. அவள் அவசரமாகப் பையைத் திறந்து தன் கைப்பேசியை எடுத்தாள். காய்த்த விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி மகளுக்கு அனுப்பினாள்.

இறங்கியாச்சு.

பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு கேப்டன் வெளியே வந்தாள். தொப்பி கையில் இருந்தது. கண் சிவந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

"நான் போன ஆன் பண்றேன், உன்னோடது ஏற்கனவே வந்து உக்காந்திருக்கு."

"ஏழு வருஷமா நீ சொன்னே. இன்னிக்கு நான் சொன்னேன். அவ்வளவுதான்."

"நீங்க ரெண்டு பேரும் அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அப்பா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "வழி நெடுக பிரேக் போட்டது நான். எனக்கு யாராவது கை குடுத்துத் தூக்கி விடுங்க."

பத்தாயிரம் பையிலிருந்து எண்ணும் கருவியை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்த ஒவ்வொன்றையும் கூட்டிக்கொண்டே வந்திருந்தாள். அதில் மூவாயிரத்து எண்ணூற்று எழுபது நின்றது. அழுத்தப் போனவள் நிறுத்தி, கருவியை மகளிடம் நீட்டினாள். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கட்டைவிரலை எடுத்துப் பொத்தான்மேல் வைத்து, அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்து, ஒரு தடவை அழுத்தினாள்.